ஹிஸ்டோன் மாற்றங்களை மாஸ் ஸ்பெக்கில் அளப்பது எப்படி: எடை ஒன்று, ஆள் வேறு

வெஸ்டர்ன் பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் முறை) பட்டை நன்றாகக் கறுத்து வந்துவிட்டால், ஹெச்3 புரதத்தில் கே27 ட்ரைமெத்தில் கூடியிருக்கிறது என்று உடனே எழுதிவிடத் தோன்றும். (ஹெச்3 என்பது டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்று. கே என்றால் லைசின், 27 அது இருக்கும் இடம், ட்ரைமெத்தில் என்றால் அதில் மூன்று மெத்தில் ஏறியிருக்கிறது.) ஆனால் அந்த ஆன்டிபாடி நிஜமாகவே 27-ஆம் லைசினைத்தான் பிடித்ததா? 9-ஆம் லைசினும் 27-ஆம் லைசினும் அலனின், அர்ஜினின், லைசின், செரின் என்ற ஒரே வரிசைக்குள் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுக்காகச் செய்த ஆன்டிபாடி மற்றதிலும் ஒட்டிக்கொண்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, பக்கத்திலிருக்கும் 10-ஆம் செரினில் பாஸ்பேட் ஏறிவிட்டால், 9-ஆம் லைசினில் மெத்தில் அப்படியே இருந்தும் பல ஆன்டிபாடிகளின் கண்ணுக்கு அது படாது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது எடையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதற்கென்று வேறு தொல்லைகள் உண்டு, இந்தக் குறிப்பு பெரும்பாலும் அவற்றைப் பற்றியதுதான்.

இந்த முறை ஒரு மாற்றம் செல்லில் மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். எந்த ஜீனின் மேல் இருக்கிறது என்று சொல்லாது, அதற்கு சிப்-சீக் போன்ற முறைகள்தான் வழி. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதிரியோடு வந்து நிற்பவர்கள் நிறைய, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மனதில் இருக்க வேண்டிய எண்கள்

பெஞ்சில் கை வைப்பதற்கு முன் இந்த எடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மோனோமெத்தில் ஏறினால் 14.0157 டால்டன் கூடும், டைமெத்தில் 28.0313, ட்ரைமெத்தில் 42.0470, அசிட்டைல் 42.0106, பாஸ்பேட் 79.9663. நாமே ஏற்றப்போகும் புரோபியோனைல் 56.0262. ட்ரைமெத்திலுக்கும் அசிட்டைலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள்: 0.0364 டால்டன். 9, 27-ஆம் லைசின்களில் முதலாவது ஜீனை அடைத்து வைக்கும் அடையாளம், இரண்டாவது திறந்து வைக்கும் அடையாளம். உயிரியலில் நேர் எதிரான இரண்டும் தராசில் கிட்டத்தட்ட ஒன்று. இந்த வேலையின் சிக்கலில் பாதி இங்கேயே இருக்கிறது.

ஹிஸ்டோனைப் பிரித்தெடுப்பது

இந்தப் பகுதி சுலபம், ஹிஸ்டோன் தாராளமாகக் கிடைக்கும் புரதம். ஒரு செல்லில் டிஎன்ஏ எவ்வளவு எடையோ ஏறக்குறைய அவ்வளவு எடைக்கு ஹிஸ்டோனும் இருக்கும், ஆகவே 10 லட்சம் மனிதச் செல்களில் கணக்குப்படி சுமார் 6 மைக்ரோகிராம் உண்டு. வழியில் கொஞ்சம் சிந்தும், அதனால் முதல் தடவை செய்பவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

செல்களைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் கழுவி, சுக்ரோஸும் மெக்னீசியமும் கலந்த நியூக்ளியஸ் பஃபரில் 0.2 முதல் 0.3% என்பி-40 சேர்த்து ஐஸில் வையுங்கள், செல் சவ்வு உடைந்து நியூக்ளியஸ் மட்டும் மிஞ்சும். இந்த பஃபரில் புரோட்டியேஸ் தடுப்பானை யாரும் மறப்பதில்லை, ஆனால் 10 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட்டை மறந்துவிடுகிறார்கள். செல் உடைந்த பிறகும் டீஅசிட்டிலேஸ் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை, பியூட்டிரேட் இல்லாவிட்டால் நீங்கள் அளக்க வந்த அசிட்டைல் உங்கள் கண்ணெதிரே குழாய்க்குள்ளேயே கழன்று போகும். பாஸ்பேட்டும் பார்க்க வேண்டுமென்றால் பாஸ்பட்டேஸ் தடுப்பானும் வேண்டும். அப்புறம் அதே பஃபரில், ஆனால் என்பி-40 இல்லாமல், நன்றாகக் கழுவுங்கள், டிடர்ஜென்ட் மிச்சமிருந்தால் கடைசியில் மாஸ் ஸ்பெக்கில் அதன் முகம்தான் தெரியும்.

நியூக்ளியஸ் உருண்டையில் 0.2 மோலார் சல்ஃப்யூரிக் அமிலம் விட்டு 4 டிகிரி செல்சியஸில் 2 முதல் 4 மணி நேரம் சுழல விடுங்கள். ஹிஸ்டோன் காரத்தன்மை மிகுந்தது, அமிலத்தில் கரைந்து வெளியே வரும், மற்ற நியூக்ளியஸ் புரதங்களில் பெரும்பகுதியும் டிஎன்ஏவும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் திரவத்தை எடுத்து ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை 25 முதல் 33% வரை வரும்படி சேர்த்து ஐஸில் இரவு முழுக்க வைத்தால் ஹிஸ்டோன் வீழ்படிவாகிவிடும். சுழற்றியபின் குழாயின் அடியில் உருண்டையைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் குழாயின் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். 0.1% ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த குளிர்ந்த அசிட்டோனில் ஒரு முறை, வெறும் அசிட்டோனில் ஒரு முறை கழுவி, காற்றில் உலர்த்தி, நீரில் கரைக்கும்போது சுவர் முழுவதும் நீர் படும்படி கரையுங்கள். ஒரு எஸ்டிஎஸ் ஜெல் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், 11 முதல் 17 கிலோடால்டனுக்குள் நான்கு ஹிஸ்டோன்களின் பட்டைகளும் தெரிந்தால் போதும்.

புரோபியோனைல் ஏற்றுவது ஏன், எப்படி

வழக்கமான புரோட்டியோமிக்ஸில் டிரிப்சின் நொதியைப் போட்டு புரதத்தை வெட்டி, நேரே இயந்திரத்துக்கு அனுப்பிவிடலாம். இங்கே அது நடக்காது. டிரிப்சின் லைசினுக்குப் பின்னும் அர்ஜினினுக்குப் பின்னும் வெட்டும், ஹிஸ்டோன் வாலில் (புரதத்தின் நுனிப் பகுதி) இந்த இரண்டும்தான் எங்கும் நிறைந்திருக்கின்றன, ஆகவே இரண்டு மூன்று அமினோ அமிலம் நீளமுள்ள துணுக்குகள் வந்து சி18 காலத்தில் (column, பெப்டைடுகளைப் பிடித்துப் பிரிக்கும் குழாய்) நிற்காமல் ஓடிவிடும். அதைவிட மோசம், அசிட்டைல் ஏறிய லைசினில் டிரிப்சின் வெட்டாது. ஆக ஒரே பகுதி, மாற்றம் இருந்தால் ஒரு நீளம், இல்லாவிட்டால் வேறு நீளம் என்று வரும். நீளம் மாறிய இரண்டு பெப்டைடுகளை (வெட்டிய புரதத் துண்டுகளை) ஒப்பிட்டு விகிதம் சொல்வது வெறும் ஊகம்.

இதற்குத் தீர்வு, டிரிப்சின் வருவதற்கு முன்பே எல்லா லைசினையும் புரோபியோனிக் அன்ஹைட்ரைடால் மூடிவிடுவது. மாற்றமில்லாத லைசினும் மோனோமெத்தில் லைசினும் புரோபியோனைலை ஏற்கும். டைமெத்திலும் ட்ரைமெத்திலும் அசிட்டைலும் ஏற்காது. எல்லா லைசினும் ஏதோ ஒன்றால் மூடப்பட்டபின் டிரிப்சின் அர்ஜினினில் மட்டுமே வெட்டும், எந்த மாற்றம் இருந்தாலும் துண்டுகள் ஒரே நீளத்தில் வரும். ஹெச்3-இல் 3 முதல் 8 வரை, 9 முதல் 17, 18 முதல் 26, 27 முதல் 40, 73 முதல் 83, ஹெச்4-இல் 4 முதல் 17, 20 முதல் 23: நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் துண்டுகள் இவைதாம். வெட்டியபின் புதிதாகப் பிறந்த என்-முனைகளையும் (துண்டின் தொடக்க முனை) இன்னொரு சுற்றில் மூட வேண்டும், அப்போதுதான் குட்டித் துண்டுகள் கொஞ்சமாவது நீர் வெறுக்கும் தன்மை பெற்று காலத்தில் நிற்கும்.

செய்முறை இப்படி. 10 முதல் 20 மைக்ரோகிராம் ஹிஸ்டோனை 50 மில்லிமோலார் அம்மோனியம் பைகார்பனேட்டில் எடுத்து பி.ஹெச் 8-க்குக் கொண்டுவாருங்கள். புகைக்கூண்டுக்குள், புரோபியோனிக் அன்ஹைட்ரைடு 1 பங்குக்கு அசிட்டோநைட்ரைல் 3 பங்கு என்று அந்த நிமிடமே கலந்து, மாதிரியின் கனஅளவில் நான்கில் ஒரு பங்கு சேர்க்கவும். அன்ஹைட்ரைடு நீரோடு சேர்ந்ததும் அமிலமாக மாறி பி.ஹெச் சரசரவென்று விழும், உடனே அம்மோனியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு மறுபடி 8-க்கு ஏற்ற வேண்டும். இந்த ஒரு நிமிடத்தில்தான் பெரும்பாலான சோதனைகள் வீணாகின்றன, பி.ஹெச் 7-க்குக் கீழே கிடந்தால் லைசின் புரோட்டானைப் பிடித்துக்கொண்டு வினையாற்றாமல் நிற்கும், 9-க்கு மேலே தாண்டினால் செரின், திரியோனின், டைரோசின் மீதெல்லாம் புரோபியோனைல் ஏறத் தொடங்கும். எட்டுப் பத்து மாதிரிகளை ஒரே நேரத்தில் செய்ய ஆசைப்படாதீர்கள், மூன்று நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் 15 நிமிடம், வெற்றிட உலர்த்தியில் காயவைத்து, பஃபரில் கரைத்து, இன்னொரு முறை இதையே செய்யுங்கள்.

பழைய குறிப்புகளில் அசிட்டோநைட்ரைலுக்குப் பதிலாக மெத்தனால் போட்டிருக்கும். தவிர்ப்பது நல்லது: மெத்தனால் அமிலப் பக்கக்கிளைகளோடு சேர்ந்து மெத்தில் எஸ்டர் உண்டாக்கும், அதன் எடையும் 14.0157தான். மெத்திலைத் தேடிப் போகும் நாமே மெத்திலைச் செய்து வைப்பானேன்?

பிறகு டிரிப்சின், 20 பங்கு ஹிஸ்டோனுக்கு 1 பங்கு என்ற கணக்கில், 37 டிகிரியில் 6 மணி நேரமோ இரவு முழுக்கவோ. வெட்டி முடிந்ததும் மறுபடி இரண்டு சுற்று புரோபியோனைல், கடைசியில் அமிலமாக்கி சி18 நுனியில் உப்பு நீக்குங்கள். ஹெச்3-இன் 3 முதல் 8 வரையுள்ள துண்டு, அதாவது கே4 இருக்கும் துண்டு, நீரை அவ்வளவு விரும்புகிறது, டைமெத்தில், ட்ரைமெத்தில் வடிவங்கள் சி18-ஐ மதிக்காமல் கழுவும் நீரோடு போய்விடும். கே4 ட்ரைமெத்தில்தான் உங்கள் கேள்வி என்றால், என்-முனைக்கு இரண்டாம் சுற்றில் ஃபீனைல் ஐசோசயனேட் போடும் முறையைப் பாருங்கள், அது துண்டைக் காலத்தில் நன்றாகப் பிடித்து வைக்கும்.

இயந்திரத்தில்

இங்கே நீண்ட பேச்சு தேவையில்லை. 75 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள சி18 நானோ காலம், நிமிடத்துக்கு 300 நானோலிட்டர், 0.1% ஃபார்மிக் அமிலத்தில் அசிட்டோநைட்ரைல் கிட்டத்தட்ட 2-இல் தொடங்கி 35% வரை ஏறும் 45 முதல் 60 நிமிட கிரேடியன்ட். மற்ற ஆய்வகத்தார் செல் லைசேட் ஓட்டிய காலத்தையே பயன்படுத்தும் முன் வெற்று மாதிரி இரண்டு ஓட்டிவிடுங்கள்.

எந்த முறையில் தரவு எடுப்பது என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. வழக்கமான டிடிஏ முறையில் இயந்திரம் ஒரு பெப்டைடை ஒரு முறை உடைத்துவிட்டு, சற்று நேரம் அதைத் திரும்பிப் பார்க்காது. ஒரே எடையுள்ள இரண்டு மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து வெளிவரும் ஹிஸ்டோனுக்கு இது சரிப்படாது, முதலில் வந்தவர் மட்டும் உடைபடுவார். டிஐஏ முறையில் 300 முதல் 1100 எம்/இசட் (எடையை மின்னூட்டத்தால் வகுத்த எண்) வரை ஜன்னல் ஜன்னலாக எல்லாமே திரும்பத் திரும்ப உடைபடுவதால், துண்டு அயனிகளுக்கும் முழுமையான குரோமட்டோகிராம் கிடைக்கும். என் ஓட்டு டிஐஏவுக்கே.

எடை ஒன்று, ஆள் வேறு

ஹெச்3-இன் 9 முதல் 17 வரையுள்ள துண்டை எடுத்துக்கொள்வோம், கே9, கே14 இரண்டும் இதில்தான். எந்த மாற்றமும் இல்லாமல், மூன்று புரோபியோனைலோடு, இரட்டை மின்னூட்டத்தில் அது 535.3036-இல் வரும். கே9 மோனோமெத்தில் 542.3115, டைமெத்தில் 521.3062, ட்ரைமெத்தில் 528.3140, அசிட்டைல் 528.2958. கடைசி இரண்டின் வித்தியாசம் சுமார் 34 பிபிஎம் (பத்து லட்சத்தில் 34 பங்கு). ஆர்பிட்ராப் போன்ற கருவி இதைத் தாராளமாகப் பிரித்துக் காட்டும், ஆனால் மென்பொருளில் எடைப் பிழை வரம்பை 50 பிபிஎம் என்று விட்டுவைத்திருந்தால் இரண்டும் ஒரே பெட்டியில் விழும். 10 பிபிஎம் வையுங்கள்.

அதோடு நில்லாமல் வெளிவரும் வரிசையையும் பாருங்கள். ஒரே துண்டின் டைமெத்திலும் ட்ரைமெத்திலும் அருகருகே முதலில் வரும், பிறகு அசிட்டைல், பிறகு மாற்றமில்லாதது, கடைசியாக மோனோமெத்தில் (அதில் மெத்திலும் புரோபியோனைலும் சேர்ந்து இருப்பதால்). இந்த வரிசை மாறி நிற்கும் எந்த உச்சத்தையும் நம்பாதீர்கள். மென்பொருள் எவ்வளவு உறுதியாகப் பெயர் சொன்னாலும் சரி, அசிட்டைல் என்று குறிக்கப்பட்டது டைமெத்திலுக்கு முன்னால் வந்தால் அது அசிட்டைல் இல்லை.

சரி, எடையும் ஒன்று, வரும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று என்றால்? கே9-இல் ஒரு அசிட்டைல் அல்லது கே14-இல் ஒரு அசிட்டைல், இரண்டுக்கும் 528.2958தான், குரோமட்டோகிராமிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வருவார்கள். இங்கே துண்டு அயனிகள்தான் கைகொடுக்கும். ஒய்4 அயனியில் (பெப்டைடின் கடைசி நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு) கே14 இருக்கிறது, கே9 இல்லை. அசிட்டைல் கே14-இல் இருந்தால் ஒய்4 513.31-இல் வரும், கே9-இல் இருந்தால் கே14 மீது புரோபியோனைல் இருப்பதால் 527.33-இல் வரும். அந்த உச்சத்தின் மொத்தப் பரப்பை இந்த இரண்டு அயனிகளின் விகிதத்தில் பிரித்துக்கொடுங்கள். ஆனால் டிஐஏ ஜன்னல் அகலமாக இருந்தால் 535.3036-உம் அதே ஜன்னலுக்குள் விழுந்து, அதுவும் 527.33-ஐத் தரும். நேரம் வேறு என்பதால் பிரித்துவிடலாம், ஆனாலும் உச்சத்தின் ஓரங்களைக் கண்ணால் பாருங்கள்.

ஹெச்4-இன் 4 முதல் 17 வரையுள்ள துண்டில் இதே கதை நான்கு இடங்களில்: கே5, கே8, கே12, கே16. ஒற்றை அசிட்டைலுக்கு நான்கு வடிவங்கள், இரட்டைக்கு ஆறு. துண்டு அயனிகளை ஒரு முனையிலிருந்து வரிசையாக எடுத்துச் சமன்பாடு போல் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். கையால் செய்ய வேண்டாம், எபிப்ரொஃபைல் என்ற மென்பொருள் இதற்காகவே எழுதப்பட்டது.

உண்மையான தலைவலி 27 முதல் 40 வரையுள்ள துண்டு. கே27 ட்ரைமெத்தில் இருந்து கே36 சும்மா இருக்கலாம், கே27 சும்மா இருந்து கே36 ட்ரைமெத்தில் இருக்கலாம், கே27 டைமெத்தில் கே36 மோனோமெத்தில், அல்லது அதற்கு நேர் மாறாக. புரோபியோனைலைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், நான்கிலும் இந்த இரண்டு லைசின்களின் கூடுதல் எடை 98.0732. நான்கும் துல்லியமாக ஒரே எடை, எந்தக் கருவியின் துல்லியமும் இங்கே உதவாது, வெளிவரும் நேரமும் துண்டு அயனியும்தான். இன்னொன்று: ஹெச்3.3 என்ற வகையில் 31-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் செரின் இருக்கும், அதனால் கூடும் எடை 15.9949, ஒரு ஆக்சிஜன் அணுவின் எடை. பொதுவான தேடல் மென்பொருள் இதை ஆக்சிஜனேற்றம் என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

பியூட்டிரைலை (லைசினில் ஏறும் இன்னொரு மாற்றம்) தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மோனோமெத்திலோடு புரோபியோனைல் சேர்ந்தால் 70.0419, பியூட்டிரைலும் 70.0419, அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றே. புரோபியோனைல் போட்ட மாதிரியில் பியூட்டிரைல் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால், புரோபியோனைல் போடாமலும் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

வேதியியல் ஒழுங்காக நடந்ததா

விகிதம் கணக்கிடும் முன் இதைச் சோதியுங்கள். அதே 9 முதல் 17 வரையுள்ள துண்டுக்கு 507.2905-ஐத் திறந்து பாருங்கள், ஒரு புரோபியோனைல் குறைந்த வடிவம் அங்கே இருக்கும். 563.3167-இல் ஒன்று கூடிப்போன வடிவம். இவை முக்கிய உச்சத்தின் பக்கத்தில் ஒப்பிடத்தக்க அளவு இருந்தால் அந்த மாதிரியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குறிப்பாக மாதிரிக்கு மாதிரி இது மாறினால். எல்லா மாதிரியிலும் ஒரே அளவு குறைபாடு இருந்தால்கூடச் சமாளிக்கலாம், சிலவற்றில் மட்டும் இருந்தால் அது பொய்யான உயிரியலாக மாறி உங்கள் வரைபடத்தில் வந்து நிற்கும்.

உயிரியல் பக்கத்திலிருந்தும் ஒரு சோதனை உண்டு. பெருகிக்கொண்டிருக்கும் பாலூட்டிச் செல்களில் ஹெச்4 கே20 பெரும்பாலும் டைமெத்திலாகவே இருக்கும். உங்கள் எண் அப்படிக் காட்டவில்லையென்றால் செல்லைச் சந்தேகிக்கும் முன் உச்சத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று பாருங்கள்.

விகிதமும் அதன் எல்லையும்

ஒரு வடிவத்தின் உச்சப் பரப்பை, அதே துண்டின் எல்லா வடிவங்களின் மொத்தப் பரப்பால் வகுக்கவும், அதுதான் ஒப்பளவு. மாதிரியில் எவ்வளவு புரதம் ஏற்றினீர்கள் என்ற வேறுபாடு இதில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். ஆனால் 30% என்று வந்தால் செல்லில் நிஜமாகவே 30% என்று பொருளில்லை, ஒவ்வொரு வடிவமும் ஒவ்வொரு அளவுக்கு அயனியாகிறது. கட்டுப்பாட்டு மாதிரிக்கும் சோதனை மாதிரிக்கும் இடையிலான மாற்றத்தைச் சொல்லலாம். நிஜமான சதவீதம்தான் வேண்டுமென்றால் கனமான ஐசோடோப்பு போட்ட செயற்கைப் பெப்டைடுகளைக் கலந்து திருத்த வேண்டும். மொத்தம் எப்போதும் 100 என்பதால் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும், அந்த இறக்கத்தைத் தனிக் கண்டுபிடிப்பாக எழுதாதீர்கள்.

செல் சுழற்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பிறக்கும் ஹெச்4, கே5-இலும் கே12-இலும் அசிட்டைலோடுதான் குரோமட்டினுக்குள் வருகிறது, 10-ஆம் செரின் பாஸ்பேட் மைட்டாசிஸில் எகிறும். மருந்து செல் பெருக்கத்தை நிறுத்தியிருந்தால் இவை எல்லாம் தானாக மாறும், உங்கள் மருந்து அந்த நொதியைத் தொட்டதாக அதற்குப் பொருளில்லை.

கே4-உம் கே27-உம் ஒரே மூலக்கூறில் சேர்ந்து இருக்கிறதா என்பது கேள்வி என்றால் இந்தக் குட்டித் துண்டுகளால் பதில் சொல்ல முடியாது, அவை வேறு வேறு பெப்டைடில் போய்விட்டன. அதற்கு மிடில்-டவுன், அதாவது நீளமான துண்டுகளை அளக்கும் முறை: ஹெச்3-ஐ குளூ-சி நொதியால் வெட்டினால் 1 முதல் 50 வரை வால் முழுசாக வரும், ஹெச்4-ஐ ஆஸ்ப்-என் நொதியால் வெட்டினால் 1 முதல் 23 வரை. நீர் விரும்பும் துண்டுகளைப் பிடிக்கும் ஹைலிக் காலம், எலெக்ட்ரானை மாற்றி உடைக்கும் ஈடிடி முறை, பகுப்பாய்வும் கடினம். முதல் வேலையாக இதில் இறங்காதீர்கள்.

கடைசியாக, விலைமதிப்பான மாதிரியைத் தொடும் முன், சாதாரணச் செல்கள் ஒரு தட்டு, சோடியம் பியூட்டிரேட் கொடுத்து ஓர் இரவு வைத்த செல்கள் இன்னொரு தட்டு, இரண்டையும் தொடக்கம் முதல் முடிவுவரை மும்மூன்று தடவை ஓட்டுங்கள். இரண்டாவதில் ஹெச்4-இன் 4 முதல் 17 வரையுள்ள துண்டில் மூன்று, நான்கு அசிட்டைல் ஏறிய வடிவங்கள் தெளிவாகக் கூட வேண்டும். கூடவில்லையென்றால் எந்தப் படியில் போனது என்று கண்டுபிடிக்கும்வரை உண்மையான மாதிரி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.